விரல் நுனிக்குக் கண் கொடுத்த லூயி பிரெயில்

கண் பார்வை இல்லாத பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். பாடம் படிக்கிறார்கள். பரீட்சை எழுதுகிறார்கள். பட்டம் வாங்கி, ஆசிரியராகவும் வக்கீலாகவும் வேலை பார்க்கிறார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒன்று நடக்கும் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கண் தெரியாத பிள்ளை பிறந்தால், அதன் கையில் ஒரு திருவோட்டைக் கொடுப்பதுதான் அந்தக் கால வழக்கம்.

அந்த வழக்கத்தை மாற்றியவர் ஒரு ராஜா அல்ல. மந்திரியும் அல்ல. கண் தெரியாத ஒரு பையன்! அவனுக்கு அப்போது வயது பதினைந்துதான்.

அவன் பெயர் லூயி பிரெயில்.

சேணக்காரர் வீடு

பிரெஞ்சு நாட்டில் பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே, சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில் கூவ்ரே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே சிமோன் ரெனே பிரெயில் என்பவர் வாழ்ந்தார். குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்வது அவர் தொழில். மனைவி பெயர் மோனிக். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளைதான் லூயி. 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி பிறந்தான்.

லூயி கடைக்குட்டி. ஆகையால் வீட்டில் எல்லோருக்கும் செல்லம். தகப்பனார் வேலை செய்யும் பட்டறைதான் அவனுக்கு விளையாட்டு இடம். தோல் துண்டுகளும் வார்களும் அங்கே சிதறிக் கிடக்கும். தகப்பனார் தோலை அறுப்பதையும், துளை போடுவதையும், தைப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பான். தானும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

ஒரு நிமிட விபத்து

1812-ம் ஆண்டு. லூயிக்கு வயது மூன்று.

ஒரு நாள் பட்டறையில் யாரும் இல்லை. குழந்தை உள்ளே போனான். தோல் வேலைக்கு உரிய கூர்மையான கருவி ஒன்றை எடுத்தான். ஒரு தோல் துண்டைப் பிடித்துக்கொண்டு, தகப்பனார் செய்வதைப் போலவே செய்து பார்த்தான். கருவி வழுக்கியது. ஒரு கண்ணிலே குத்திவிட்டது.

தாயார் ஓடி வந்தார். வைத்தியமும் செய்தார்கள். ஆனால் அது கிருமிகளைப் பற்றி வைத்தியர்களுக்கே தெரியாத காலம். இன்று உள்ள மருந்துகள் ஒன்றும் அன்று கிடையாது. குத்துப்பட்ட கண் பழுத்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. கொஞ்சங் கொஞ்சமாகப் பார்வை மங்கியது. ஐந்து வயது ஆவதற்குள் இரண்டு கண்களும் முழுவதும் அவிந்துவிட்டன.

காலையா, மாலையா என்று கூடக் குழந்தைக்குத் தெரியவில்லை.

கிராமத்துப் பள்ளிக்கூடம்

பெற்றோர்கள் அழுது ஓய்ந்தார்கள். ஆனால் பிள்ளையை மூலையில் உட்கார வைக்கவில்லை. தகப்பனார் அவனுக்கு ஒரு கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி அவன் ஊரெல்லாம் நடந்தான். வீட்டு வேலைகளையும் செய்தான்.

1815-ம் ஆண்டில் அந்த ஊருக்குப் புதிதாக ஒரு பாதிரியார் வந்தார். அவர் பெயர் பலுயி. பையன் கெட்டிக்காரன் என்பதை அவர் கண்டுகொண்டார். தம் இடத்துக்கு வரவழைத்து, பாடங்களை வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். பூவை முகர்ந்தும், பறவையின் குரலைக் கேட்டும் இன்னது என்று அறியக் கற்றுக் கொடுத்தார்.

பிறகு பள்ளிக்கூட உபாத்தியாயர் பெஷரேயிடம் சொல்லி, லூயியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கண் தெரியாத பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா என்று நினைக்காமல், உபாத்தியாயரும் சேர்த்துக்கொண்டார்.

மற்றப் பையன்கள் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்கள். லூயி காதால் கேட்டே படித்தான். ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டான். கணக்கை மனத்திலேயே போட்டு விடை சொல்லிவிடுவான்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. புத்தகத்தை எடுக்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் எடுப்பார்கள். இவன் சும்மா உட்கார்ந்திருப்பான். எழுதச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் எழுதுவார்கள். அப்போதும் இவன் சும்மா உட்கார்ந்திருப்பான். யாராவது வாய் திறந்து சொன்னால்தான் இவனுக்குப் படிப்பு. சொல்ல ஆள் இல்லையென்றால் படிப்பும் இல்லை!

இந்தக் குறைதான் பிற்காலத்தில் அவனைத் தூங்கவிடாமல் செய்தது.

பாரிஸ் பயணம்

கிராமத்துப் படிப்பு எத்தனை நாளைக்குப் போதும்? பாரிஸ் நகரத்தில் கண் பார்வையற்ற பிள்ளைகளுக்கு என்றே ஒரு பள்ளிக்கூடம் இருப்பது தெரிய வந்தது. அந்த வட்டாரத்துப் பிரபு ஒருவரிடம் உதவி கேட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்துக்குச் சிபாரிசு செய்தார். சம்பளம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் கிடைத்தது.

1819-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி. தகப்பனாரும் மகனும் குதிரை வண்டியில் பாரிசுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் தகப்பனார் ஊர் திரும்பினார். பத்து வயதுப் பையன் முன்பின் அறியாத இடத்தில் தனியாக நின்றான்.

தெருவிலே கண்ட காட்சி

அந்தப் பள்ளிக்கூடம் உண்டானதே ஒரு பெரிய கதை.

1771-ம் ஆண்டில் பாரிசில் ஒரு சந்தை நடந்தது. அங்கே ஒரு கடைக்காரர், கண் தெரியாதவர்கள் சிலரைக் கூட்டி வந்து, கோமாளி வேஷம் போட்டு உட்கார வைத்திருந்தார். அவர்கள் மூக்கிலே பெரிய மூக்குக் கண்ணாடி! எதிரே இசைப் புத்தகம்! அவர்கள் தாறுமாறாக வாத்தியம் வாசித்தார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

அந்தக் கூட்டத்தில் வாலன்டின் ஹாயி என்ற இளைஞரும் இருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனம் துடித்தது. இவர்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று உறுதி செய்துகொண்டார்.

பல ஆண்டுகள் கழித்து, பிச்சை எடுத்துக்கொண்டிருந்த லெசுவேர் என்ற பார்வையற்ற பையனை அழைத்து வந்து, படிக்கக் கற்றுக் கொடுத்தார். பிறகு 1785-ம் ஆண்டு வாக்கில் பள்ளிக்கூடத்தையே திறந்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்காக உலகத்தில் ஏற்பட்ட முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

லூயி அங்கே சேர்ந்த சமயம் ஹாயி பள்ளிக்கூடத்தில் இல்லை. 1821-ம் ஆண்டில் முதியவரான அவரை வரவழைத்து மரியாதை செய்தார்கள். லூயிக்கு அப்போது 12 வயது. அடுத்த ஆண்டே ஹாயி காலமானார்.

கனத்த புத்தகங்கள்

பள்ளிக்கூடம் இருந்த கட்டிடம் மிகவும் பழையது. பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைச்சாலையாக இருந்த இடம் அது. சுவரெல்லாம் ஈரம். அறைகளில் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பிள்ளைகள் அடிக்கடி நோயில் படுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடம் நடந்தது. கைத்தொழிலும் கற்றுக் கொடுத்தார்கள். பின்னல், செருப்பு வேலை முதலியவற்றைப் பிள்ளைகள் பழகினார்கள். சங்கீதத்துக்கு முக்கிய இடம் இருந்தது. வெளியே உலாவப் போகும்போது எல்லோரும் ஒரே நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள்.

லூயி எல்லாவற்றிலும் முன்னே நின்றான். பரிசுகள் வாங்கினான். பியானோவும் செல்லோவும் வாசிக்கக் கற்றான். கோத்தியே என்ற பையன் அவனுக்கு உயிர்த் தோழன் ஆனான்.

அங்கே படிப்பதற்குப் புத்தகங்களும் இருந்தன. ஹாயி கண்டுபிடித்த முறையில் செய்தவை. நனைத்த கனமான தாளை எழுத்து அச்சுகளின் மேல் வைத்து அழுத்துவார்கள். எழுத்து மேடாக எழும்பி நிற்கும். பிள்ளைகள் அதை விரலால் தடவிப் படிக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விரலுக்கு அது பெருங் கஷ்டம். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் நெளிவையும் தடவி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். வரியின் கடைசிக்குப் போகும்போது முதல் சொல் மறந்துவிடும். எழுத்துகள் பெரியவை, ஆகையால் சின்னப் பாடமும் பெரிய புத்தகம் ஆகிவிடும். செலவும் அதிகம். ஆகவே புத்தகங்கள் மிகக் கொஞ்சம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. இந்த முறையில் பிள்ளைகளால் எழுத முடியாது. பிறர் செய்து கொடுத்ததைத் தடவலாம்; தாமாக ஒரு சொல் எழுத முடியாது. படித்த பாடத்தைக் குறித்துக்கொள்ள வழி இல்லை. தாயாருக்குக் கடிதம் எழுதவும் வழி இல்லை.

பன்னிரண்டு புள்ளி

1821-ம் ஆண்டில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதிய முறை வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் பார்பியே. அவர் முன்பு ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர்.

அவர் முறையில் எழுத்தே கிடையாது. புள்ளிகள் மட்டுமே! தடித்த தாளில் ஊசியால் அழுத்தினால் மறுபக்கம் புள்ளி மேடாகத் தெரியும். இரண்டு வரிசைகளில் புள்ளிகளை வைத்து, பேச்சில் உள்ள 36 ஒலிகளைக் குறித்தார். ஒரு ஒலிக்கு 12 புள்ளிகள் வரை வரும். எழுதுவதற்குச் சட்டம் ஒன்றும் கொடுத்தார்.

பிள்ளைகள் தடவிப் பார்த்தார்கள். எழுத்தின் வளைவை விடப் புள்ளி விரலுக்குச் சுலபமாகத் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

ஆனால் லூயிக்கு அதில் உள்ள குறைகள் புலப்பட்டன. பன்னிரண்டு புள்ளிகள் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. பேச்சின் ஒலியை மட்டும் குறித்ததால், சொல்லைப் பிழையின்றி எழுதக் கற்க முடியாது. எண் இல்லை. கமா, முற்றுப்புள்ளி இல்லை. சங்கீதம் எழுதவும் வழி இல்லை.

புள்ளி சரியானதுதான். ஆனால் அதை வேறு விதமாக அடுக்க வேண்டும். இதுதான் அந்தப் பையனுக்குத் தோன்றிய யோசனை.

ஆறு புள்ளி

அன்று முதல் லூயிக்கு அதே நினைவு. பகலில் வகுப்பு இருக்கிறது, தொழில் இருக்கிறது. ஆகவே இரவில் மற்றப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஊசியையும் தாளையும் எடுத்துக்கொள்வான். வெளிச்சம் வேண்டுமா என்ன? இரவும் பகலும் அவனுக்கு ஒன்றுதானே! விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் புள்ளி குத்துவதை விடமாட்டான்.

இப்படி மூன்று ஆண்டுகள் போயின. 1824-ம் ஆண்டில் வழி கிடைத்துவிட்டது. பன்னிரண்டைப் பாதியாக்கினான். ஆறு புள்ளிகள் போதும்!

அந்த முறை எப்படி என்று பாருங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக மூன்று புள்ளிகள். அவை 1, 2, 3. வலது பக்கம் அதே போல் மூன்று புள்ளிகள். அவை 4, 5, 6. இந்த ஆறு இடங்களில் எந்தப் புள்ளி மேடாக இருக்கிறது, எது இல்லை என்பதைக் கொண்டு எழுத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு புள்ளி இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். ஆகவே ஒரு புள்ளிக்கு இரண்டு வகை. ஆறு புள்ளிகளுக்கு 64 வகை. ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தைத் தள்ளினால் 63 அடையாளங்கள். எழுத்து, எண், நிறுத்தக் குறி, சங்கீதக் குறி எல்லாவற்றுக்கும் அது போதும்.

அடுக்கு முறையும் சுலபமானது. முதல் பத்து எழுத்துகளுக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகளை மட்டுமே உபயோகித்தான். அந்தப் பத்தோடு 3-ம் புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து எழுத்துகள். 3-ம் புள்ளியையும் 6-ம் புள்ளியையும் சேர்த்தால் அதற்கு அடுத்த வரிசை. முதல் பத்தை மனப்பாடம் செய்துவிட்டால் மீதி தானாகவே வந்துவிடும்.

ஆறு புள்ளிகளும் விரல் நுனியின் அடியில் அடங்கிவிடும். விரலை மேலும் கீழும் ஆட்ட வேண்டியதில்லை. வரியின் மேல் ஓடவிட்டால் போதும். படிப்பு வேகமாக நடக்கும்.

எழுதுவதும் கஷ்டம் இல்லை. தாளைச் சட்டத்தில் பொருத்தி, வலமிருந்து இடமாக ஊசியால் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக, இடமிருந்து வலமாகப் படிக்கும்படி இருக்கும்.

கூர்மையான கருவி ஒன்று லூயியின் கண்ணைப் பறித்தது. கூர்மையான ஊசி ஒன்றைக் கொண்டே அவன் அதை வென்றுவிட்டான்!

ஆசிரியர் ஆனார்

அப்போது பள்ளிக்கூடத்தின் தலைவராக இருந்தவர் பீனியே. அவர் நல்லவர். லூயியின் முறையைப் பார்த்ததும் மகிழ்ச்சி அடைந்தார். பிள்ளைகள் அதை உபயோகிக்க இடம் கொடுத்தார். பள்ளிக்கூடம் எங்கும் ஊசி குத்தும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பாடத்தைக் குறித்துக்கொண்டார்கள். தாங்கள் எழுதியதைத் தாங்களே படித்தார்கள்.

1828-ம் ஆண்டில் லூயி பிரெயில் அதே பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர் ஆனார். 1833-ல் முழு ஆசிரியர் ஆனார். இலக்கணம், சரித்திரம், பூகோளம், கணக்கு, சங்கீதம் எல்லாம் கற்பித்தார். மாதா கோவில்களில் ஆர்கன் வாசித்தும் சம்பாதித்தார்.

1829-ம் ஆண்டில் தம் முறையை விளக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். பார்பியேயின் முறையிலிருந்துதான் தமக்கு இந்த யோசனை பிறந்தது என்று அதில் நன்றியோடு சொல்லியிருந்தார். பிறகு முறையை இன்னும் திருத்தி, 1837-ல் இரண்டாம் பதிப்பு கொண்டு வந்தார். அதே ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் சரித்திரம் ஒன்று, மூன்று பாகமாகப் புள்ளி எழுத்தில் அச்சாயிற்று.

ஆனால் அரசாங்கம் இந்த முறையை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண் உள்ளவர்கள் படிக்கும் எழுத்தையே கண் தெரியாதவர்களும் படிக்க வேண்டும். தனி எழுத்துக் கொடுத்தால் அவர்கள் உலகத்திலிருந்து தனித்துப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நல்லெண்ணம் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னவர்களுக்குக் கண் இருந்தது. விரலால் படிக்கிறவர்களின் கஷ்டம் அவர்களுக்கு விளங்கவில்லை.

தாயாருக்குக் கடிதம்

அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதைப் பிரெயில் கண்டார். புள்ளி எழுத்தில் எழுதிய கடிதத்தை வீட்டிலே உள்ள தாயும் தகப்பனும் எப்படிப் படிப்பார்கள்?

இதற்கும் அவர் வழி தேடினார். சாதாரண எழுத்துகளின் உருவத்தையே புள்ளிகளால் வரையும் முறை ஒன்றை 1839-ம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளிகளை எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று கணக்கு வகுத்துக் கொடுத்தார். பார்வையற்றவர் அதன்படி குத்தினால், கண் உள்ளவர் அதைப் படிக்கலாம்.

ஆனால் அது மெதுவாக நடக்கும் வேலை. பூக்கோ என்பவர் இதற்கு ஓர் இயந்திரம் செய்து கொடுத்தார். அவரும் பார்வையற்றவர்; அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த இயந்திரத்தைக் கொண்டு 1841-ம் ஆண்டிலேயே பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். பிறர் உதவி இல்லாமல் மகன் எழுதிய கடிதம் தாய் கையில் சேர்ந்தது.

புள்ளிக்குத் தடை!

1840-ம் ஆண்டில் பள்ளிக்கூடத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. நல்லவரான பீனியே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உதவித் தலைவராக இருந்த துபோ தலைவர் ஆனார்.

துபோவுக்குப் புள்ளி எழுத்துப் பிடிக்கவில்லை. கண் உள்ளவர்களின் எழுத்தே வேண்டும் என்பது அவர் கட்சி. ஸ்காட்லாந்து நாட்டில் வழங்கிய ஒரு மேடெழுத்து முறையைக் கொண்டு வந்தார். பிரெயிலின் புள்ளிகளை உபயோகிக்கக் கூடாது என்று தடுத்தார்.

பிரெயில் என்ன செய்வார்? அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியர். அதோடு உடம்பும் கெட்டுவிட்டது. 1835-ம் ஆண்டு முதலே அவரைக் காச நோய் பிடித்திருந்தது. சண்டை போடும் சுபாவமும் அவருக்கு இல்லை.

ஆனால் பிள்ளைகள் விடவில்லை! மறைவாகப் புள்ளி குத்தினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடக் குறிப்பு, நண்பனுக்குக் கடிதம், பிடித்த பாட்டு எல்லாம் புள்ளியில்தான். ஒரு தடவை எழுதக் கற்றவனை, எழுதாதே என்று சொன்னால் கேட்பானா?

துபோவின் கீழ் கதே என்ற உதவியாளர் இருந்தார். அவருக்குக் கண் பார்வை உண்டு. பிள்ளைகளின் பிடிவாதத்தை அவர் கவனித்தார். தலைவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்கு எது உதவுகிறது என்பதைப் பிள்ளைகளே காட்டிவிட்டார்கள் என்று விளக்கினார். கடைசியில் துபோவின் மனமும் மாறியது. அது அவருக்குப் பெருமையே.

புதிய கட்டிடம்

பள்ளிக்கூடத்தின் பழைய கட்டிடத்தைப் பற்றியும் வெளியே பேச்சு எழுந்தது. 1838-ம் ஆண்டில் கவி லாமார்தீன் அங்கே வந்து பார்த்தார். அவர் சட்டசபை அங்கத்தினர். பிள்ளைகள் படும் பாட்டைச் சட்டசபையில் எடுத்துப் பேசினார். புதிய கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். 1843-ம் ஆண்டின் கடைசியில் பிள்ளைகள் அங்கே குடியேறினார்கள்.

1844-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி திறப்பு விழா. பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். கதே எழுந்து, பிரெயிலின் முறையைச் சபை அறிய விளக்கினார்.

பிறகு பரீட்சை நடந்தது. ஒரு பிள்ளையை மேடைக்கு அழைத்து, செய்யுளைச் சொல்லி எழுதச் சொன்னார்கள். அப்பிள்ளை ஊசியால் குத்தி எழுதியது. அதைக் கேட்காத வேறு ஒரு பிள்ளையை வெளியிலிருந்து அழைத்து வந்து தாளைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை தடவிப் படித்தது. ஒரு பிழை கூட இல்லை! சங்கீதத்தையும் அப்படியே எழுதி, அப்படியே வாசித்துக் காட்டினார்கள்.

சபையோர் வியந்து கைதட்டினார்கள். சந்தையிலே பார்வையற்றவர்களைப் பார்த்துச் சிரித்த அதே பாரிஸ் நகரம், 73 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களைப் பாராட்டிக் கைதட்டியது.

பிரெயிலுக்கு அப்போது வயது 35.

திறக்கக் கூடாத பெட்டி

வெற்றி வந்தது, உடம்பு நிற்கவில்லை. இருமலும் காய்ச்சலும் வாட்டின. சில சமயம் ஊருக்குப் போய்த் தங்குவார். கொஞ்சம் தேறியதும் பிள்ளைகளைத் தேடி ஓடி வந்துவிடுவார்.

1851-ம் ஆண்டு டிசம்பரில் ரத்தம் கக்கினார். படுத்த படுக்கை ஆனார். 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந்தேதி அவர் உயிர் பிரிந்தது. 43 வயது நிரம்பி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

அவர் அறையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதைத் திறக்காமல் எரித்துவிட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நண்பர்கள் ஆவலால் திறந்து பார்த்தார்கள். உள்ளே கடன் சீட்டுகள்! ஏழை மாணவர்கள் அவரிடம் வாங்கிய கடனுக்கு எழுதிக் கொடுத்தவை. தாம் போன பிறகு அந்தப் பிள்ளைகளை யாரும் பணம் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகவே எரிக்கச் சொல்லியிருக்கிறார். சீட்டுகள் எரிக்கப்பட்டன.

அவர் இறந்த செய்தியைப் பாரிஸ் பத்திரிகைகள் போடவில்லை. உடலைக் கூவ்ரேயில் அடக்கம் செய்தார்கள்.

உலகம் ஏற்றது

அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-ல் பிரெஞ்சு நாடு அவர் முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 1878-ம் ஆண்டில் பாரிசில் பல நாட்டு அறிஞர்கள் கூடிய மாநாட்டில், பிரெயில் எழுத்தே சிறந்தது என்று முடிவு செய்தார்கள்.

இங்கிலாந்தில் ஆர்மிட்டேஜ் என்ற வைத்தியர் கண் பார்வையை இழந்து, தொழிலை விட்டவர். எந்த எழுத்து நல்லது என்பதைப் பார்வையற்றவர்களே தீர்மானிக்க வேண்டும் என்று அவர் பார்வையற்றவர்களைக் கொண்டே 1868-ம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார். அவர்கள் தேர்ந்தெடுத்ததும் பிரெயில் எழுத்துத்தான்.

1952-ம் ஆண்டு. பிரெயில் இறந்து நூறு ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சு மக்கள் அவர் உடலை எடுத்து, பாரிசில் மகான்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். கண்ணும் காதும் இழந்தும் கல்வியால் உயர்ந்த ஹெலன் கெல்லர் அம்மையார் அமெரிக்காவிலிருந்து வந்து கலந்துகொண்டார்.

கூவ்ரே மக்கள் மட்டும் ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். அவருடைய கைகள்! புள்ளிகளைக் குத்திய அந்தக் கைகள் ஒரு கலசத்தில் அவர் சொந்த ஊரிலேயே இருக்கின்றன.

தமிழிலும் அந்தப் புள்ளிகள்

திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டையில் 1890-ம் ஆண்டிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. ஆஸ்க்வித் என்ற ஆங்கில அம்மையார் அதைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் இத்தகைய பள்ளிக்கூடங்களுக்கு அதுவே முன்னோடி.

இந்தியாவில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாகப் புள்ளி எழுத்தை உபயோகித்து வந்தார்கள். 1951-ம் ஆண்டில் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் என்ற முறை ஏற்பட்டது. அதில் தமிழும் சேர்ந்தது. 1-ம் புள்ளி மட்டும் இருந்தால் அது அ. 1-ம் 3-ம் புள்ளிகள் இருந்தால் க. 1, 3, 4 இருந்தால் ம. லூயி வகுத்த அதே ஆறு புள்ளிகள்தான், தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தாக நிற்கின்றன.

இன்று கம்ப்யூட்டரிலும் பிரெயில் வந்துவிட்டது. திரையில் உள்ள எழுத்தை, எழும்பித் தாழும் புள்ளிகளாக மாற்றிக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் முடிவுப்படி, 2019-ம் ஆண்டு முதல் அவர் பிறந்த நாளான ஜனவரி 4-ந்தேதி உலகப் பிரெயில் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பிள்ளையின் குறையைப் பார்த்து ஒரு சேணக்காரர் மனம் உடைந்து உட்காரவில்லை. கைத்தடி செய்து கொடுத்தார். ஒரு பாதிரியார் பாடம் சொன்னார். ஒரு கிராமத்து உபாத்தியாயர் வகுப்பில் இடம் கொடுத்தார். சாதாரண மனிதர்களான இவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். அதன் வழியாக உள்ளே போன பையன், தன்னைப் போன்ற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

குறை உள்ள பிள்ளை வீட்டிலோ அண்டையிலோ இருந்தால், அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைப்பதுதான் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி. அந்தப் பிள்ளைக்குள் எத்தனை பெரிய லூயி பிரெயில் இருக்கிறானோ, யார் கண்டது!